உச்சம் ஏன் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது?

நோய்த்தொற்றின் முதல் 3 வாரத் தரவுக்கு எஸ்ஐஆர் மாதிரி (மக்களை இனித் தொற்றக்கூடியவர்கள் 'எஸ்', தொற்றோடு இருப்பவர்கள் 'ஐ', மீண்டவர்கள் 'ஆர்' என்று பிரித்துப் பரவலைக் கணிக்கும் சமன்பாடுகள்) அச்சாகப் பொருந்தியும், அது கணிக்கும் உச்சம் மட்டும் நிஜத்தைவிட மூன்று மடங்கு வருகிறது, நிரலில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். நிரலைக் கலைக்க வேண்டாம். சிக்கல் அங்கே இல்லை என்றே நினைக்கிறேன்.

தொற்று தொடங்கும் கட்டத்தில் தரவு உங்களுக்குச் சொல்வது வளர்ச்சி வீதத்தை மட்டும்தான், அதாவது பீட்டா (தொற்று பரவும் வீதம்) கழித்தல் காமா (மீளும் வீதம், 1/தொற்றைப் பரப்பும் நாட்கள்). அந்த வீதம் நாளுக்கு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். காமா 0.2 என்றால் பீட்டா 0.4, ஆர்நாட் (தொடக்கத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார் என்ற எண், பீட்டா/காமா) 2. காமா 0.1 என்றால் பீட்டா 0.3, ஆர்நாட் 3. தொடக்கத்தில் இரண்டு வளைவுகளும் ஒன்றுபோலவே ஏறும். ஆனால் உச்சத்தில் ஒரே நேரத்தில் தொற்றோடு இருப்பவர்கள் முதலாவதில் சுமார் 15%, இரண்டாவதில் 30%. ஆகவே காமாவைத் தரவிலிருந்து தேடாதீர்கள். ஒருவர் எத்தனை நாள் பிறருக்குத் தொற்றைப் பரப்புவார் என்ற மருத்துவ ஆய்வுகளிலிருந்து எடுத்து நிலையாக வையுங்கள்.

அப்புறம், நீங்கள் பொருத்தியிருப்பது தினசரிப் புதிய நோயாளிகள் எண்ணிக்கை. அதை 'ஐ' யோடு ஒப்பிடக் கூடாது. நாளுக்குப் புதிதாகத் தொற்றுவோரைத் தரும் பீட்டா·எஸ்·ஐ/என் ('என்' மொத்த மக்கள்தொகை) என்பதை, அவர்களில் பதிவாகும் விகிதத்தால் பெருக்கி ஒப்பிடுங்கள். கடைசிச் சில நாட்களின் எண்கள் தாமதத்தால் எப்போதும் குறைவாகத் தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் எழுதிய இந்தச் சமன்பாடுகளில் எல்லோரும் எல்லோரோடும் சமமாகப் பழகுகிறார்கள். நிஜத்தில் பயம் வந்ததும் மக்கள் ஒதுங்குவார்கள், பீட்டா குறையும். அதனால் ஒற்றை வளைவை யாருக்கும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. மருத்துவமனைப் படுக்கைகளை அதை நம்பித்தான் ஒதுக்குவார்கள். கடைசி வாரத்தை மறைத்துவைத்துக் கணித்துப் பார்த்து, வரும் கணிப்புகளின் வீச்சை (குறைந்தது முதல் அதிகபட்சம் வரை) இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.