கவரில் வெறும் 1-0-1 என்று எழுதித் தந்தால்

கருங்கல் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு 76 வயது, பிரஷரும் முடக்குவாதமும் உண்டு. முடக்குவாதம் என்றது மூட்டு வீங்கி வலிக்கும் நோயை. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுகிறார், இங்கே அரசு ஆஸ்பத்திரி ஓபியிலும் மாசாமாசம் மாத்திரை வாங்குகிறார். இங்கே மாத்திரை அட்டையை வெட்டி, கவரில் போட்டு, மேலே 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். எது எதற்கென்று தெரியவில்லை, என்ன செய்ய?

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. ஒவ்வொரு கவரிலும் அப்பாவின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்கு, எப்போது என்று எழுதி வாங்குங்கள். எழுத நேரமில்லை என்றால் மருந்து தருகிற பார்மசிஸ்ட் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள், பேனா கையில் இருக்கட்டும். பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது 2015-ம் ஆண்டு பார்மசி விதிமுறைப்படியே பார்மசிஸ்ட்டின் வேலை, நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. அட்டையை வெட்டும்போது எக்ஸ்பயரி தேதி அச்சிட்ட துண்டையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் இரண்டு. ஒன்று, ஒரே மருந்து இரண்டு இடத்திலிருந்தும் வருவது. அரசு அட்டையில் அம்லோடிபின் என்று இருக்கும், வெளியே வாங்கியதில் ஸ்டாம்லோ என்றோ அம்லாங் என்றோ இருக்கும், மூன்றும் ஒரே பிரஷர் மாத்திரைதான். தெரியாமல் இரண்டையும் போட்டால் கால் வீங்கும், தலை சுற்றும், அந்த வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதுவார்.

இரண்டாவது இதைவிட மோசம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் தருகிறார்களா என்று பாருங்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து, ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம், அப்படி நடந்தும் இருக்கிறது. அதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் ஆசிட்டும் பெரும்பாலும் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான் என்பதால், அட்டையிலிருந்து உதிர்த்துவிட்டால் வயசானவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் கவரில் 1-0-1 பாணியே வேண்டாம், “ஞாயிறு மட்டும்” என்று கிழமையைப் பெரிதாக எழுதி, தனி டப்பாவில் வைத்துவிடுங்கள்.

மற்ற மாத்திரைகளையும் உதிர்த்து ஹார்லிக்ஸ் குப்பியில் போடாதீர்கள், நம்மூர் மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடும். போன மாதக் கவரில் இந்த மாத மாத்திரையைப் போடும் பழக்கமும் வேண்டாம், டோஸ் மாறியிருந்தால் பழைய எழுத்துதான் கண்ணில் படும். அப்பா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர் என்றால் கவரில் மலையாளத்திலேயே எழுதிக் கொடுங்கள், விளவங்கோடு பக்கம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்களில் அப்படிப் பலர் உண்டு.

இரட்டிப்பு இருப்பதாகத் தெரிந்தால் எதை நிறுத்துவது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் மருந்து அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு இங்குள்ள டாக்டரிடமே காட்டுங்கள், இரண்டு சீட்டையும் அவர் பார்க்கட்டும். மெத்தோட்ரெக்சேட் தினமும் உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகம் வந்தாலோ, வாய்ப்புண்ணோ காய்ச்சலோ இருந்தாலோ, அடுத்த ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கேஷுவால்டிக்குப் போங்கள்.