டவர் வாளையார்னு காட்டுனா ஆளும் அங்க இருந்தாருன்னு அர்த்தமில்லங்க

நண்பரே, பயப்படாதீங்க. தம்பி நம்ம கோயம்புத்தூர் பக்கத்து எட்டிமடை வீட்லதான் இருந்தாரு, ஆனா திருட்டு நடந்த ராத்திரி அவர் போன் பார்டர் தாண்டி கேரளாவுல இருக்கற வாளையார் டவர்ல காட்டுச்சுன்னு போலீஸ் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. கால் ரெக்கார்ட்ல வர்றது போன் எந்த டவர்ல, எந்தப் பக்கத்து ஆன்டெனால மாட்டுச்சுங்கறது மட்டும்தான், ஆள் நின்ன இடம் இல்ல. ஒரு ஆன்டெனா பொதுவா 120 டிகிரி பரப்ப பாத்துக்கும், ஊருக்கு வெளிய அது பல கிலோமீட்டர் போகும். கிட்டக்க இருக்கற டவர்லயேதான் மாட்டணும்னும் இல்ல, நடுவுல மலை மறைச்சாலோ பக்கத்து டவர்ல கூட்டம் இருந்தாலோ எட்ட இருக்கறத புடிச்சுக்கும், பார்டர் ஓரத்துல கேரளா சிக்னலுக்குத் தாவறது நமக்கெல்லாம் தெரிஞ்சதுதானே, மொபைலுக்கு சோதனைச்சாவடி ஏதுங்க.

வக்கீல்கிட்ட சொல்லி அந்த செல் ஐடி (ஆன்டெனாவோட அடையாள நம்பர்), ஆன்டெனா எந்தத் திசைய பாக்குது, நெட் ஓடுன டேட்டா ரெக்கார்ட், எல்லாத்தையும் பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 94 வது பிரிவுல கோர்ட் மூலமா கேக்கச் சொல்லுங்க. அன்னைக்கு மட்டும் போதாது, அதுக்கு முந்தின ஒரு மாசத்துக்கும் வேணும். வீட்ல தூங்கற மத்த ராத்திரியும் அதே வாளையார் டவர் வந்திருந்தா போலீஸ் வாதம் அங்கயே ஆட்டம் கண்டுரும், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. போலீஸ் குடுக்கற ரெக்கார்டுக்கு புது சாட்சிய சட்டம் 63 வது பிரிவு சர்டிபிகேட், அதாவது மின்னணு ஆவணத்துக்கான சான்று, இருக்கான்னும் பாருங்க. போன் கம்பெனிங்க ரெக்கார்ட ரெண்டு வருசமாவது வெச்சிருக்கணும், அதுக்கப்பறம் அழிச்சுடலாம், அதனால இந்த வாரமே மனு போடுங்க.