வலிக்காத புண்ணைத்தான் முதலில் காட்ட வேண்டும்

நோயைத் தாங்களே வரவழைத்துக்கொண்டவர்களுக்கு வரிப்பணத்தில் ஏன் மருந்து என்று உங்கள் மருமகன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி அப்புறம் பேசலாம். பெருவிரலுக்குக் கீழே கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவினேன், மூன்று வாரமாக நீர் கசிகிறது, ஆனால் வலியே இல்லை என்பதால் கவலைப்படவில்லை என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான். பத்து வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்கு, அதுவும் பள்ளிபாளையத்தில் நாள் முழுக்க வெறுங்காலில் தறி முன் நிற்பவருக்கு, காலில் புண் இருந்தும் வலிக்கவில்லை என்றால் அங்கே நரம்பு உணர்ச்சியை இழந்துவிட்டது என்று பொருள். இந்தப் புண் மேலே பார்த்தால் மிளகளவுதான் இருக்கும். சுற்றிலும் தடித்த தோலை நீக்கி மருத்துவர் உள்ளே கம்பியை விட்டுப் பார்த்தால் சில சமயம் எலும்பில் தட்டும். விரலை எடுப்பதும் காலை எடுப்பதும் பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது.

அதனால் நாளையே ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சைப் பிரிவில் காலைக் காட்டுங்கள். சிவப்பு பரவுவது, வீக்கம், நாற்றம், கறுப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரைகூட வேண்டாம், இன்று ராத்திரியே கிளம்புங்கள். பிளேடு, கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப், உப்புப் போட்ட வெந்நீர், மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக், எதுவும் கூடாது. உணர்ச்சியில்லாத காலை வெந்நீரில் வைத்துக் கொப்புளத்தோடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமையே போய்விட்டது.

முழங்கால் டக் டக் என்று சத்தம் போடுவது, முடி கொட்டுவது என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று வீடியோவில் சொன்னவர் சொன்னது தவறு. கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கும். ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருந்தால் மாத்திரையின் அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம், அதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் குடிக்கும் கஷாயத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

சரி, மருமகன் சொன்னதற்கு வருவோம். பீடி குடித்து, கண்டதைத் தின்று நோயை வரவழைத்துக்கொண்டவர்களுக்கு எங்கள் வரிப்பணத்தில் ஏன் மருந்து என்று அவர் கேட்டதிலிருந்து, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அம்மாவிடம் மாத்திரை வாங்க உங்களுக்குக் கூச்சமாகிவிட்டது. நான்கு மாதமாக மாத்திரையே இல்லை. இந்தக் கூச்சம் புண்ணைவிட ஆபத்தானது. நீங்கள் வாங்கும் சோப்பிலும் பீடிக்கட்டிலும் வரி இருக்கிறது, அந்த வரிப்பணத்தில் உங்கள் பணமும் உண்டு. இரண்டு தலைமுறையாகக் குடும்பத்தில் ஓடும் சர்க்கரையை நீங்களாகத் தேடிப் போய் வாங்கி வரவில்லை. பொதுச் சுகாதாரத்துக்கு அரசுகள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் செலவிட வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது, 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம்தான். மருத்துவமனையில் தட்டுப்பாடு இருக்கிறதென்றால் அது உங்கள் மாத்திரையால் வந்ததல்ல. இன்னொன்று, மாதாமாதம் தரும் அந்த மாத்திரைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அதை நிறுத்திக் காலை எடுக்க நேர்ந்தால் அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் வார்டு, செயற்கைக் கால் என்று அதே வரிப்பணத்தில் பல மடங்கு போகும், வீட்டில் சம்பாத்தியமும் நின்றுவிடும். முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது, பீடி குடித்தவர் என்று யாரையும் அதில் தள்ளிவைப்பதில்லை.

பொறுப்பு உங்களுக்கும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மாத்திரையை விடாமல் போடுவது, தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, தறிக்கூடத்தில் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பில்லாமல் நிற்காமல் இருப்பது. பீடியை விடுங்கள், காலுக்குப் போகும் ரத்தக்குழாயை அது சுருக்குகிறது, புண் ஆற ரத்தம் வேண்டும். போகும்போது பழைய சீட்டை எடுத்துப் போங்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள், நான்கு மாதமாக மாத்திரை போடவில்லை என்பதை மறைக்காதீர்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை. புண் மூடும்வரை அந்தக் காலை ஊன்றி நிற்கக் கூடாது, ஆகவே தறி முதலாளியிடம் லீவு இன்றே சொல்லிவிடுங்கள்.