நெஞ்சில் நிற்கும் பன்

கேள்வி: வயது 46. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு அவினாசி ரோட்டில் பர்கர் சாப்பிடப் போவோம். ஆறு மாதத்தில் மூன்று முறை பன் நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. விரலை விட்டுக் கக்கிய பிறகுதான் சரியானது. தண்ணீர் நன்றாக இறங்குகிறது, எடையும் குறையவில்லை. மைதா குடலில் பசையாக ஒட்டும், மயோனைஸ் விஷம், சீஸ் ரத்தக்குழாயை அடைக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். கேஸ் என்று நினைத்து தினமும் பான்டோப்ரசோல் போடுகிறேன். அப்பா உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார். பர்கரை நிறுத்தினால் போதுமா?

பதில்: போதாது. பர்கரை நிறுத்தினால் நெஞ்சில் நிற்பது தெரியாமல் போகும், நிற்க வைத்த காரணம் உள்ளேயே இருக்கும். அப்பாவைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரிதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று புரிகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

எப்போதாவது, அதுவும் கெட்டியான பன்னும் கறியும் மட்டும் நிற்கிறது, மற்ற நாளில் ஒன்றுமில்லை என்றால், பெரும்பாலும் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வளையம் போன்ற சவ்வு மடிப்பு இருக்கும். இல்லாவிட்டால் அமிலம் பல வருடம் மேலேறி உண்டான தழும்பு, அல்லது ஒவ்வாமை வீக்கம். நல்ல உணவுக்குழாய் 2 செ.மீ. வரை விரிந்து கொடுக்கும். வளையம் அதை 13 மி.மீ.க்குக் கீழே குறுக்கினால் கெட்டி உணவு மாட்டும். இட்லி உதிர்ந்து இறங்கிவிடும். அரைகுறையாக மென்ற பன்னோ எச்சிலில் ஊறி, கறித்துண்டையும் சேர்த்துக்கொண்டு உருண்டையாகத் திரளும்.

புற்றுநோய் இப்படி விட்டுவிட்டு வருவது குறைவு. அது வாரத்துக்கு வாரம் நெருக்கும். கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயி ஒருவர், "சாப்பாடு நல்லாத்தானுங்க இறங்குது" என்றார். கூட வந்த மனைவியைக் கேட்டேன். பரோட்டாவை விட்டு ஆறு மாதம், களியை விட்டு மூன்று மாதம், இப்போது அரிசிம்பருப்பைக்கூட மிக்ஸியில் அடித்துத் தரச் சொல்கிறார் என்றார் அந்த அம்மா. அவருக்கு இருந்தது புற்றுதான். தன்னையறியாமல் படிப்படியாகக் குழைவான உணவுக்கு இறங்கியிருந்தார். உங்கள் தட்டிலும் அப்படி ஏதாவது மாறியிருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள்.

மாறவில்லை என்றாலும் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டு உள்ளே பார்க்கும் சோதனை, கட்டாயம். கடிதத்தைப் படித்துவிட்டுப் புற்று இல்லை என்று நானும் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்ல முடியாது. உணவு நெஞ்சில் நிற்கிறது என்ற ஒரே காரணம் போதும். இந்த வாரமே இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அதற்கான பிரிவு உண்டு. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டை மரக்க ஒரு ஸ்பிரே, பத்து நிமிடம் போல வேலை. வளையமாக இருந்தால் பலூன் வைத்து விரித்தும் விடலாம். வெற்றிலை, புகையிலை, மது பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட்ட மாத்திரை மீது எனக்குக் கோபம் உண்டு. அது அமிலத்தைக் குறைக்கும், அடைப்பைத் திறக்காது. எரிச்சலை அடக்கி, டாக்டரிடம் போகாமல் ஆறு மாதம் உங்களை உட்கார வைத்துவிட்டது.

மறுபடி நின்றால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. சோற்று உருண்டை, வாழைப்பழம், சோடா எதையும் மேலே தள்ளாதீர்கள். விரல் விட்டுக் கக்குவதும் இனி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும் ஆபத்து உண்டு.

வீடியோ பயங்களுக்கு வருகிறேன். மைதா குடலில் ஒட்டாது, மற்ற மாவு போலச் செரித்துவிடும். எப்போதோ தின்ற சீஸ் ரத்தக்குழாயை அடைக்காது. பச்சை முட்டை மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி வளரலாம். அதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. ஆனால் அது வாந்தி, வயிற்றுப்போக்கு விவகாரம். உங்கள் நெஞ்சில் பன் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எண்டோஸ்கோபி முடியும் வரை பன்னையும் கறியையும் அவர்கள் சாப்பிடட்டும், நீங்கள் ஒரு ஐஸ்கிரீமோடு உட்காருங்கள்.