கெய்ர்ன் டெரியரா, வெஸ்டியா: எங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

ஆறு வயதுப் பையன், கூடவே இருக்கும் பாட்டி, வேலி போட்ட சின்னத் தோட்டம். இப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த நாய் வாங்கலாம், கெய்ர்ன் டெரியரா, வெஸ்டி எனப்படும் வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வளர்த்திருக்கிறேன். முதலில் 13 வருடம் ஒரு வெஸ்டி, இப்போது ஐந்து வருடமாக ஒரு கெய்ர்ன். உங்கள் வீட்டுக்குக் கெய்ர்ன்தான் என்பது என் முடிவு.

குணத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டும் ஸ்காட்லாந்தில் நரி, நீர்நாய் போன்றவற்றைப் பாறை இடுக்கிலிருந்து விரட்ட வளர்த்த ஒரே கூட்டத்து நாய்கள். அங்கே கற்குவியலுக்குக் கெய்ர்ன் என்று பெயர். முன்பு இரண்டையும் கலந்தும் வளர்த்தார்கள். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப், அப்படிக் கலந்த நாய்களைப் பதிவுசெய்ய 1917-இல்தான் தடை போட்டது. அதனால் இரண்டுமே மண்ணைத் தோண்டும், அணிலைக் கண்டால் காது கேட்காத மாதிரி ஓடும், வாசலில் சத்தம் வந்தால் குரைக்கும். வேலிக்கு அடியில் இடைவெளி இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

வித்தியாசம் தோலில் இருக்கிறது. வெஸ்டி இனத்தில் ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சி அதிகம். எங்கள் வெஸ்டிக்கு ஒன்றரை வயதில் தொடங்கியது. பாதத்தை ஓயாமல் நக்கினாள். விரல் இடுக்கில் வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது (எச்சில் பட்டுப் பட்டு அப்படி ஆகும்). அப்புறம் வயிறு சிவந்தது, காதில் புளித்த வாடை வந்தது. மருத்துவர் முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சிக்குப் பார்த்தார். பிறகு எட்டு வாரம் ஒரே வகை உணவு மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதிலும் குறையவில்லை. கடைசிவரை மருந்து, மருந்து ஷாம்பு, காது சுத்தம் என்றே போனது. இது கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய், அடியோடு போகாது. ராத்திரி இருட்டில் அவள் சொறிகிற சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளை நான் எவ்வளவு நேசித்தேனோ, அந்த அரிப்பு அவ்வளவு வலித்தது.

இந்த நோய் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். அதனால் எட்டு வாரக் குட்டியின் வயிறு பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. வளர்ப்பவரிடம் தாய், தகப்பன், மூன்று வயது தாண்டிய உடன்பிறப்புகள் ஆகியவற்றின் தோல் எப்படி என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கெய்ர்னுக்கு நோயே வராது என்று சொல்லமாட்டேன். சில குட்டிகளுக்கு ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிப் போகும் பிறவிக் குறை இருக்கும். பித்த அமிலத்துக்கான ரத்தப் பரிசோதனையில் அது தெரியவரும். நடுவயதில் கண்ணுக்குள் நிறமி படிந்து அழுத்தம் கூடும் நோயும் உண்டு. அதற்காக நாங்கள் வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டுகிறோம். கிராபே என்ற நரம்பு நோய் இரண்டு இனத்திலும் உண்டு, மரபணுப் பரிசோதனையும் இருக்கிறது. பெற்றோருக்கு அதைச் செய்த சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

முடி விஷயம் சுலபம். கெய்ர்ன் கொஞ்சம் பரட்டையாக இருந்தாலே அழகு. வாரம் ஓரிரு முறை சீவி, முதிர்ந்த முடியைக் கையால் பிடுங்கினால் போதும், வலிக்காது. மெஷினால் கத்தரித்தால் முடி மென்மையாகி அழுக்கு ஒட்டும். வெஸ்டியின் அந்த உருண்டை முகம் நிலைக்க அடிக்கடி வெட்டிவிட வேண்டும்.

பையனுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுங்கள்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது. பாட்டி காலுக்கிடையில் நாய் ஓடித் தடுக்கிவிடாமல் இருக்க, 'உன் இடம்' என்றால் தன் படுக்கைக்குப் போகும் பழக்கத்தை முதல் வாரமே தொடங்குங்கள். கெய்ர்ன் தின்பண்டத்துக்காக எதையும் சீக்கிரம் கற்கும்.

தினமும் தோலைக் கவனிக்க ஒரு ஆளுக்கு நேரம் இருந்து, மனமும் வெஸ்டியிடமே போகிறது என்றால் வெஸ்டியே வாங்குங்கள். எதுவானாலும், குட்டி பார்க்க முதல் தடவை பையனைக் கூட்டிப்போகாதீர்கள். அவன் ஒன்றை மடியில் தூக்கிவிட்டால் தாயைப் பார்க்கவும் சான்றைக் கேட்கவும் உங்களுக்கு மனம் வராது.