குரல் கேட்டு எரியும் விளக்கு: சுவிட்ச் போர்டு கேள்வி பதில்

இருபது வருடமாக வீட்டு வயரிங் செய்கிறேன். சமீப வருடங்களில் ஸ்மார்ட் சுவிட்ச் போடும் வேலைதான் அதிகம். வாயால் சொன்னால் விளக்கு எரிகிற மாதிரி வீட்டுச் சுவிட்சுகளை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: பழைய வீடு. போர்டில் நியூட்ரல் இல்லை, ஸ்மார்ட் சுவிட்ச் போட முடியாது என்கிறார் எலக்ட்ரீசியன். உண்மையா சார்?

பாதி உண்மை. நம் ஊர் வயரிங்கில் விளக்குக்கு வேண்டிய நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், மேலே ஜங்ஷன் பாக்ஸிலிருந்தே நேராக விளக்குக்குப் போய்விடும். கீழே சுவிட்சுக்கு இறங்குவது பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர் மட்டும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும், பேஸை வெட்டுவதும் சேர்ப்பதும்தான் அதன் வேலை. சுவிட்சுக்குப் பின்னால் போர்டுக்குள் வைக்கும் சின்னப் பெட்டியான ஸ்மார்ட் மாட்யூல் அப்படியில்லை. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது வைஃபையோடு தொடர்பில் இருக்க வேண்டும். அதற்கு நாள் முழுக்கக் கரண்ட் வேண்டும், அந்தக் கரண்ட் திரும்பிப் போக நியூட்ரல் வேண்டும்.

ஆனால் உங்கள் போர்டில் ஐந்து பின் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு நியூட்ரல் வந்தே ஆக வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலான போர்டுகளில் ஒரு பிளக் பாயிண்டாவது இருக்கும். எனவே "நியூட்ரல் இல்லை" என்று சொல்லிவிடும் முன் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விளக்கும் பிளக்கும் ஒரே எம்சிபியில் (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்க வேண்டும். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கினால், இரண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) உள்ள வீட்டில் அது டிரிப் ஆகிக்கொண்டே, அதாவது தானாக விழுந்துகொண்டே இருக்கும். ஒரே ஆர்சிசிபி என்றாலும், நாளைக்கு ஒரு எம்சிபியை அணைத்துவிட்டு வேலை செய்கிறவர் அந்த நியூட்ரலைக் கழற்றும்போது ஷாக் வாங்குவார். இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் விளக்குக்கும் இதே கவனம் வேண்டும்.

நியூட்ரல் கிடைக்கவில்லை என்று பச்சை வயரைத் தொடவே கூடாது. அது எர்த், கசியும் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோகும் பாதுகாப்பு வயர்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: கீசரையும் இப்படி மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் விளக்குக்கான மாட்யூலில் வேண்டாம். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13. பத்து ஆம்பியர் என்று அச்சிட்ட சின்ன ரிலே (மாட்யூலுக்குள் கரண்டைச் சேர்த்து வெட்டும் உறுப்பு), மூடிய பெட்டிக்குள் அரைமணி நேரம் அந்தச் சுமையைத் தாங்கினால் சூடேறி டெர்மினல் கருகும். 16 ஆம்பியருக்கென்றே வரும் மாட்யூல் வாங்குங்கள், தானாக அணையும் நேரத்தையும் அதில் வைத்துவிடுங்கள். தண்ணீர் மோட்டார் என்றால் அதுகூடப் போதாது. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். "ஆஃப்" என்று எத்தனை முறை சொன்னாலும் மோட்டார் நிற்காது. நடுவில் ஒரு கன்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் காந்தச் சுவிட்ச் வைத்து, மாட்யூல் அதை மட்டும் இயக்கட்டும்.

சேலத்திலிருந்து: ஃபேன் வேகத்தையும் குரலில் மாற்ற வேண்டும்.

ஃபேனுக்கென்று கெபாசிட்டர் வைத்து வரும் மாட்யூலைப் போடுங்கள். விளக்கு டிம்மரில் ஃபேனைக் கொடுத்தால் உறுமும், சூடேறும். பிஎல்டிசி ஃபேனுக்கு (ரிமோட்டோடு வரும், கரண்ட் குறைவாக எடுக்கும் ஃபேன்) எந்த ரெகுலேட்டரும் கூடாது. அதற்குச் சுவிட்சிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டு, ரிமோட்டின் வேலையைச் செய்யும் ஐஆர் கருவி ஒன்றை அறையில் வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பச்சை வயரைத் தொடக் கூடாது என்கிறீர்கள். நான் ஐந்து போர்டிலும் எர்த்தைத்தான் நியூட்ரலாகக் கொடுத்திருக்கிறேன். மூன்று வருடம் ஓடுகிறது. டெஸ்ட் லேம்ப் போட்டாலும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் எரிகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டும் ஒன்றுதானே அண்ணே?

தம்பி, டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலையும் பூமியோடு இணைத்திருப்பது உண்மை. டெஸ்ட் லேம்ப் எரிவதும் அதனால்தான். ஆனால் போகிற பாதை வேறு. நியூட்ரல் முழுக்க வயரிலேயே போகிறது. எர்த் உங்கள் வீட்டு எர்த் குழிக்குப் போய், மண் வழியாகத் திரும்புகிறது. சித்திரை வெயிலில் அந்தக் குழி காய்ந்து கிடக்கும், கம்பியில் துரு ஏறியிருக்கும்.

அந்தக் கம்பி ஒரு நாள் விட்டுப்போகிறது என்று வையுங்கள். பேஸ் மாட்யூலுக்குள் நுழைந்து பச்சை வயரில் வெளியே வருகிறது, பூமிக்குப் போக வழியில்லை. அந்தப் பச்சை வயர் வேறு எங்கெல்லாம் போகிறது? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் என்று எல்லாவற்றின் இரும்பு உடம்புக்கும். ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறக்கும் ஆள்தான் அப்போது எர்த் குழி. நான் போன ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் உடம்பில் மல்டிமீட்டர் 140 வோல்ட் காட்டியது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. மாடி அறையின் ஸ்மார்ட் சுவிட்ச்தான் காரணம். அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

அதே ஈரோட்டுக்காரர்: ஆர்சிசிபி போட்டிருக்கிறேன். ஆபத்தென்றால் அது விழுந்திருக்காதா? கோவையிலிருந்து இன்னொருவரும் இதையே கேட்கிறார்: "என் வீட்டிலும் எர்த்தில் கொடுத்து நான்கு மாட்யூல் வரை ஓடியது, ஐந்தாவது போட்டதும் டிரிப் ஆனது. மாட்யூல் பழுதா?"

கோவைக்காரரின் கேள்வியிலேயே ஈரோட்டுக்காரருக்குப் பதில் இருக்கிறது. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழ வேண்டும். ஒரு மாட்யூல் சும்மா இருக்கும்போது எடுப்பது சில மில்லி ஆம்பியர். ஒன்று, இரண்டு, நான்கு என்று எர்த்தில் கொடுத்தால் எல்லாம் கசிவாகக் கூடிக்கொண்டே போகும். மாட்யூல் பழுதில்லை. ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஈரோட்டில் ஐந்து போட்டும் விழவில்லை என்றால், உங்கள் மாட்யூல்கள் குறைவாக எடுக்கலாம், அல்லது உங்கள் ஆர்சிசிபியே வேலை செய்யாமல் இருக்கலாம். அதில் "டி" என்று ஒரு பட்டன் இருக்கும். இப்போதே போய் அழுத்துங்கள். விழாவிட்டால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: நியூட்ரல் இல்லாமலே ஓடும் சுவிட்ச் விற்கிறார்களே?

விற்கிறார்கள். தனக்கு வேண்டிய கரண்டை அது விளக்கின் வழியாகவே எடுக்கும். அதனால் சின்ன எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரியும், சில நேரம் மினுக்கும். கூடவே தரும் கெபாசிட்டரை விளக்குக்கு இணையாகப் போட்டால் சரியாகும். நியூட்ரல் கொண்டுவரவே வழியில்லாத இடத்துக்கு மட்டும் இது. சாதாரணச் சுவிட்சிலேயே பல்பு மங்கலாக எரிந்தால், யாரோ பேஸுக்குப் பதில் நியூட்ரலைச் சுவிட்சில் வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

வேலூர், கடலூர், இன்னும் மூவர்: போர்டில் நியூட்ரல் இல்லை, என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள். பச்சை வயர் வேண்டாம்.

மதுரையிலிருந்து: மாடிப்படிக்கு மேலும் கீழும் இருக்கும் டூவே சுவிட்சையும் மாற்றலாமா?

கீழ்ப் பெட்டியில் பேஸ், மேல் பெட்டியில் விளக்கு வயர், பெரும்பாலும் இரண்டிலும் நியூட்ரல் இருக்காது. படியேறும்போது யார் பேசிக்கொண்டு ஏறுகிறார்கள்? அசைவைக் கண்டு எரியும் பல்பைப் போடுங்கள், போதும்.

புதுச்சேரியிலிருந்து: கரண்ட் போய் ராத்திரி வந்தால் எல்லா விளக்கும் எரிந்துவிடுகிறது.

செயலியில் கரண்ட் வந்ததும் எந்த நிலை என்ற அமைப்பு இருக்கும். "ஆஃப்" அல்லது "முந்தைய நிலை" வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: இன்டர்நெட் போனால்? அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, எழுந்து நடக்கச் சிரமம்.

பெரும்பாலும் குரல் வேலை செய்யாது, ஏனென்றால் பேச்சைப் புரிந்துகொள்வது வெளியில் இருக்கும் சர்வர். ஆகவே போர்டுக்குள் மாட்யூலை வைத்து, பழைய சுவிட்சை அப்படியே வெளியே இருக்க விடுங்கள். அப்பா கை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒரு பெட் சுவிட்சும் வேண்டும். போர்டுப் பெட்டி இரும்பு என்றால் சிக்னல் குறையும், ரூட்டரைக் கிட்டே கொண்டுவாருங்கள். பல மாட்யூல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். விளக்குகளுக்கு அவர் வாயில் சுலபமாக வரும் சின்னப் பெயராக வையுங்கள். "ஹால்", "ரூம்" போதும்.

மறுபடியும் ஈரோடு: பட்டனை அழுத்தினேன், விழவில்லை. நியூட்ரல் இழுப்பது பெரிய வேலையா அண்ணே?

கேட்டதற்குச் சந்தோஷம் தம்பி. குழாய்க்குள் இடம் இருந்தால் ஒரு போர்டுக்கு அரைமணி நேரம்தான். மேலே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஸ்பிரிங் விட்டு, 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயரை இழுத்து இறக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மெயினை அணைத்து, மல்டிமீட்டரில் கரண்ட் இல்லை என்று பார்த்துவிட்டு, ஐந்து போர்டிலும் பச்சை வயரை மாட்யூலிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். மாட்யூலுக்கு வரும் பேஸையும் அப்படியே. சாதாரணச் சுவிட்சில் விளக்கு எரியட்டும். ஆர்சிசிபியை இன்றைக்கே மாற்றுங்கள். அதுவரை கீசரை யாரும் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.