தைராய்டு மாத்திரையும் விசுத்திச் சக்கரமும்

கேள்வி: எனக்கு வயது 46. தைராய்டு குறைவுக்காக நான்கு ஆண்டுகளாகத் தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை போட்டு வந்தேன். ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல். கழுத்து எலும்பில் தேய்மானம் இருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஆறு மாதமாக யோகா வகுப்புக்குப் போகிறேன். தூக்கமும் மனநிலையும் நன்றாகத் தேறியிருக்கின்றன. தொண்டையில் இருப்பதாகச் சொல்லப்படும் விசுத்திச் சக்கரம் அடைபட்டதால்தான் எனக்குத் தைராய்டு வந்தது என்றும், சர்வாங்காசனமும் (தோளை ஊன்றிக் கால்களை மேலே தூக்கி நிற்பது) பஸ்திரிகாவும் (வேகமூச்சுப் பயிற்சி) செய்து அதைச் சமன்படுத்திவிட்டால் மாத்திரையே தேவைப்படாது என்றும் ஆசிரியை சொல்கிறார். பத்து நாட்களாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன். உடம்பு நன்றாகவே இருக்கிறது. பயிற்சியின்போது கைவிரல்கள் மரத்துப் போகின்றன. சக்கரம் திறப்பதன் அடையாளம் அது என்கிறார்கள். இப்படியே தொடரலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நாளைக் காலை முதல் மாத்திரையை மீண்டும் போடத் தொடங்குங்கள். விட்டுப்போன நாட்களுக்கு ஈடாகச் சேர்த்துப் போட வேண்டியதில்லை. பழைய அளவே போதும். உங்களுக்கு இதய நோய் ஏதேனும் இருந்து, அதைக் கடிதத்தில் குறிப்பிடாமல் விட்டிருந்தால் மட்டும், தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யோகாவை நிறுத்த வேண்டாம். ஆனால் செய்யும் பயிற்சிகளில் இரண்டை மாற்ற வேண்டும். அதற்கான காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதே கேள்வியை வேறு வேறு வடிவங்களில் பலர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து நாட்கள் மாத்திரை இல்லாமலும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போட்டு வந்த லெவோதைராக்சின் என்ற மருந்து உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறுவது. உடலில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன்படி, இன்று உங்கள் உடலில் பழைய மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இன்னும் மிச்சமிருக்கிறது. மாத்திரையை விட்டவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மூன்று வாரங்கள் எந்த வேறுபாட்டையும் உணர்வதில்லை. அதன் பிறகு சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, காலையில் முகம் உப்புதல், மாதவிலக்கில் ஒழுங்கின்மை என்று ஒவ்வொன்றாக, சந்தடியில்லாமல் வந்து சேரும். வயது ஏறுகிறது, வேலை அதிகம் என்று நாமே அவற்றுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வோம். கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் இதனால் கூடும் என்பதால், ஏற்கெனவே அழுத்தம் உள்ள உங்களுக்கு இது இன்னும் முக்கியமானது.

இனி விசுத்திக்கு வருகிறேன். சக்கரங்களைப் பற்றிய சிந்தனையை இகழ்ந்து பேசும் நோக்கம் எனக்குச் சிறிதும் இல்லை. தமிழில் ஆதாரங்கள் என்று நாம் அறிந்த மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை ஆகிய ஆறும் நம் சித்தர் மரபின் உயிர்நாடி. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை முழுவதுமாக யோகத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். வடமொழியில் பூர்ணானந்தர் 1577-ல் இயற்றிய ஷட் சக்ர நிரூபணம், விசுத்தியைத் தொண்டையில் அமைந்த 16 இதழ்த் தாமரை என்றும், புகை கலந்த ஊதா நிறத்தது என்றும், ஆகாயத்தின் இருப்பிடம் என்றும், அதன் வித்தெழுத்து ஹம் என்றும் வருணிக்கிறது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் 1919-ல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகே மேலைநாட்டார் பலருக்கு ஆறு சக்கரங்களும் விரிவாக அறிமுகமாயின. இந்தப் பழைய வருணனைகளில் தைராய்டு சுரப்பி எங்கும் இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சுரப்பியைப் பொருத்துவதும், வானவில்லின் வண்ணங்களைக் கீழிருந்து மேலாக அடுக்கி விசுத்திக்கு நீல நிறம் தீட்டுவதும் இருபதாம் நூற்றாண்டில், பெரும்பாலும் மேலைநாட்டு ஆன்மிக எழுத்தாளர்கள் வழியாக வந்து சேர்ந்த வழக்கங்கள். உங்கள் ஆசிரியை அதைத் தொன்மையான ஞானம் என்று மனப்பூர்வமாக நம்பிச் சொல்லியிருப்பார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆயினும் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அந்தப் பொருத்தத்தில் வலு இல்லை.

ஆரிய சமாஜத்தைத் தோற்றுவித்த தயானந்த சரஸ்வதி, ஆற்றில் மிதந்து வந்த பிணம் ஒன்றை அறுத்து, நூல்களில் படித்த சக்கரங்களைத் தேடிப் பார்த்து, ஒன்றும் காணாமல் அந்நூல்களைக் கிழித்து ஆற்றில் எறிந்ததாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் சக்கரங்கள் சூட்சும உடலைச் சேர்ந்தவை என்றுதான் மரபே சொல்கிறது. தியானிப்பவர் தம் கவனத்தை நிறுத்தும் இடங்கள் அவை. கத்திக்கோ ஸ்கேனுக்கோ அவை அகப்படாததில் வியப்பில்லை. அகப்படாத ஒன்றை 'அடைபட்டிருக்கிறது' என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. சக்கரங்களின் நிலையைப் படம்பிடித்துத் தருவதாகச் சொல்லிச் சில இடங்களில் கட்டணம் வாங்கும் கருவிகள், உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்லித் தோலின் ஈரத்தையும் அதன் மின்கடத்தலையும் அளந்து, அந்த எண்களுக்குக் கணினி வழியே வண்ணம் கொடுப்பவை. கை வியர்த்திருந்தாலே படம் மாறிவிடும். யாரேனும் அழைத்தால் அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

உங்கள் தைராய்டு சுரப்பியில் நடந்திருப்பது என்ன என்பதைப் பார்ப்போம். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, 20 கிராம் அளவில் இருக்கும் சிறு சுரப்பி அது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அதை வேலை வாங்குகிறது. தைராய்டு சோர்ந்தால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும், ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறித் தெரிவது அதனால்தான். உங்கள் வயதுப் பெண்களுக்கு இந்தக் குறைபாடு வருவதற்குப் பொதுவான காரணம் ஹாஷிமோட்டோ நோய். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியின் திசுக்களைத் தாக்கி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடுகிறது. சர்வாங்காசனத்தில் முகவாய் தொண்டையை அழுத்துவதால் தைராய்டுக்கு ரத்தம் பாய்ந்து அது விழித்துக்கொள்ளும் என்று வகுப்புகளில் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். எடைக்கு எடை பார்த்தால் உடலில் மிக அதிகமாக ரத்தம் பாயும் உறுப்புகளில் தைராய்டு ஒன்று. ரத்தம் போதாமல் அது கெடவில்லை. அழிந்த திசுவை ஆசனம் திரும்ப வளர்க்காது. அந்தச் சுரப்பி சுரக்க வேண்டிய அதே தைராக்சினைத்தான் மாத்திரை கொடுக்கிறது என்பதால், வெளியிலிருந்து ஏதோ அந்நியமான ரசாயனத்தைத் தினமும் விழுங்குகிறோம் என்ற மனக்குறையும் உங்களுக்கு வேண்டாம்.

எல்லோரும் ஆயுள் முழுக்க இதைப் போட்டாக வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். குழந்தை பிறந்த சில மாதங்களில் வரும் தைராய்டு அழற்சி பலருக்குத் தானே சரியாகும். டி.எஸ்.எச். 10-க்குக் கீழே, சற்றே கூடியிருந்தபோது மாத்திரை தொடங்கியவர்களில் சிலருக்கு, மருத்துவர் அளவைக் குறைத்து, சோதித்துப் பார்த்து நிறுத்துவதும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் டி.எஸ்.எச். எவ்வளவு இருந்தது என்று பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள். சுரப்பியைத் தாக்கும் எதிரணுக்கள் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் தைராய்டு எதிரணுச் சோதனை இதுவரை செய்யவில்லை என்றால் ஒருமுறை செய்து கொள்ளுங்கள். இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் காட்டி, அளவைக் குறைக்க வழியுண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

விரல்கள் மரத்துப்போவதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு அதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும், மூன்றையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். பஸ்திரிகா செய்யும்போது மட்டும், இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில், உதட்டைச் சுற்றியும் சுருசுருவென்று வந்து, தலை இலேசாகச் சுற்றி, மூச்சு நிதானப்பட்டதும் அடங்கிவிட்டால், அது வேகமூச்சின் விளைவு. அளவுக்கு மீறி மூச்சை வெளியேற்றும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, கரைந்து நிற்கும் சுண்ணாம்புச் சத்து தற்காலிகமாகக் குறைகிறது. அதனால் நரம்புகள் தேவையின்றித் துடிக்கின்றன. சிலருக்கு விரல்கள் குவிந்து மடங்கி இறுகிவிடுவதும் உண்டு. பார்ப்பவர்களுக்குத் தெய்விகமாகத் தோன்றும் அந்த நிலையில் உடல் கேட்பது மூச்சைத் தணிக்கச் சொல்லித்தான். இரண்டாவதாக, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்து, இரவில் எழுப்பிவிட்டு, கையை உதறினால் சற்றுத் தேவலை என்றிருந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. தைராய்டு குறைந்தவர்களுக்கு இது அதிகம் வரும், மாத்திரையை நிறுத்தினால் மோசமாகும். மூன்றாவதாக, கழுத்தைத் திருப்பும்போதோ சர்வாங்காசனத்தின்போதோ தோளிலிருந்து ஒரு கை வழியாக மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கினால், தேய்ந்த கழுத்தெலும்பு நரம்பின் வேரை அழுத்துகிறது. கையில் பிடிமானம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதனால் பஸ்திரிகாவையும் சர்வாங்காசனத்தையும் நீங்கள் விட்டுவிடுவது நல்லது. சர்வாங்காசனத்தில் உடலின் பாரம் தோளிலும், முன்னே மடங்கிய கழுத்திலும் விழுகிறது; தேய்மானம் உள்ள கழுத்துக்கு அது ஆகாது, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் உகந்ததில்லை. அடுத்த வகுப்பில் சிரசாசனம் என்று சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியாளர்களை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது தெரியவந்தது. கண் அழுத்த நோய் தமக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. 40 வயதைத் தாண்டியவர்கள் ஒருமுறை கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால் நல்லது. தலைகீழ் நிலை வேண்டும் என்று ஆசையாக இருந்தால், சுவரையொட்டிப் படுத்து, கால்களை மட்டும் சுவரின் மேல் நீட்டி, தலையும் கழுத்தும் தரையில் படிந்திருக்க ஐந்து நிமிடம் ஓய்வாக இருங்கள்.

விசுத்தித் தியானத்தைத் தாராளமாகத் தொடருங்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தொண்டைக்குழியில் கவனத்தை நிறுத்தி, மூச்சை அடக்காமல், முகவாயை நெஞ்சில் அழுத்தும் கழுத்துப் பூட்டு எதுவும் போடாமல், ஹம் என்று மெல்ல நீட்டி உச்சரியுங்கள்; உள்ளிழுப்பது நான்கு விநாடி, உச்சரிப்போடு வெளிவிடுவது ஆறு விநாடி என்று பழகினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கு தானே அமையும். இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லத்தீன் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் ஓம் மணி பத்மே ஹூம் என்று ஜபித்தவர்களுக்கும் ஒன்றுபோல் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கி, ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையடைந்ததைக் கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஜபத்தை ஏற்படுத்திய முன்னோர் மூச்சின் அளவை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. உங்கள் தூக்கமும் மனமும் தேறியதற்கு இந்தப் பயிற்சியே காரணமாக இருக்கலாம். அது உண்மையான பலன். தைராய்டைக் குணமாக்கினால்தான் அதற்கு மதிப்பு என்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நெஞ்சில் அழுத்தமோ படபடப்போ வந்தால் அநாகதம் என்றும், மேல்வயிறு எரிந்தால் மணிபூரகம் என்றும் யாரேனும் பெயர் சூட்டினால், அதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். நெஞ்சு அழுத்தத்துக்கு முதல் சோதனை ஈ.சி.ஜி.

காலை ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பயிற்சிக்கு உட்காருங்கள். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் முடிந்து எழும்போது முக்கால் மணி, ஒரு மணி நேரம் கடந்திருக்கும், அதன் பிறகு காபி குடிக்கலாம். கும்பகோணத்துக்காரரிடம் காபியைத் தள்ளிப்போடச் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும், ஆனால் மாத்திரையோடு சேர்ந்தால் காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். மாத்திரையை மீண்டும் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் சரியான நிலை தெரியாது. சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பின் போட்டுக்கொள்ளுங்கள். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் கலந்த மாத்திரை ஏதும் சாப்பிட்டால், அது தைராய்டு அளவுகளைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.